போன கரண்டு திரும்பி வரணும்

கொல்லிமலையிலிருந்து வந்த அந்த ஜீப் என் பட்டறை வாசலில் ஒன்பது நாள் நின்றது. காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை, மத்தியானச் சோற்றுக்குப் போகும்முன் ஒரு தடவை, ராத்திரி ஷட்டர் இறக்கும்போது ஒரு தடவை என்று ஒன்பது நாளும் சாவியைத் திருகிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையாட்டம் எடுத்தது.

எடுக்காத வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால் எந்த எலக்ட்ரீசியனும் பயப்பட மாட்டான். ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, "இது சில சமயம் எடுக்க மாட்டேங்குதுங்க" என்று சொல்வார்கள் பாருங்கள், அப்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

வண்டிக்காரர் பெரியவர். மலைமேல் மிளகும் பலாவும் வைத்திருப்பவர். மகளை எங்கள் பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்ததால் என்னிடம் வந்து சேர்ந்தார். வண்டி மகிந்திரா எம்.எம். 540, பியூஜோ டீசல் இன்ஜின், ஃபோர் வீல். ஒரே வருஷத்தில் பேட்டரி மாற்றியாச்சு, செல்ஃப் மோட்டார் மாற்றியாச்சு, சாவி செட்டும் மாற்றியாச்சு. மூன்று பட்டறை ஏறி இறங்கியாச்சு.

"எப்பங்கய்யா எடுக்காது?"

"மேல ஏறி நின்னா எடுக்காது தம்பி. கீழ ஒண்ணும் பண்றதில்ல. சோளக்காட்டுல டீ குடிக்க நிறுத்திட்டு வந்து சாவி போட்டா, மெலுசா ஒரு 'டிக்'கு. அவ்வளவுதான். ஒரு கால் மணி நேரம் கழிச்சு அதுவா எடுத்துக்கும்."

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. பாதி தூரம் இரண்டாம் கியரில்தான் போயாக வேண்டும். இன்ஜின் கொதித்துப் போய் நிற்கும். கால் மணி நேரத்தில் ஆறினால் எடுத்துக்கொள்கிறது. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மண்டையில் ஒரே வார்த்தை: சூடு. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் பிற்பாடு தண்டம் கட்டினேன். அதைச் சொல்லும்முன் இந்தத் தொழிலை நான் எங்கே படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

*

எங்கள் அப்பா தறி ஓட்டியவர். பள்ளிபாளையத்துப் பையனுக்கு அன்றைக்குக் கண்ணெதிரே இருந்த வேலை தறிப்பட்டறை, சாயப்பட்டறை, அதிர்ஷ்டம் இருந்தால் பேப்பர் மில். எனக்கு மூன்றும் ஒட்டவில்லை. 1988-ல், பதினைந்து வயதில், சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்.

முதல் ஆறு மாதம் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதும், டெர்மினலில் பூத்த வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவுவதும்தான் வேலை. ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சட்டை ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அப்புறம் குரு என் கையில் டெஸ்ட் லேம்ப்பைக் கொடுத்தார். ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, அதில் இரண்டு ஒயர். ஒரு முனையை பாடியில் கவ்வவிட்டு, மறுமுனையால் ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்ப்பது. எரிந்தால் கரண்டு இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. உலகமே பிடிபட்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் ஒரு டிஸ்போசல் ஜீப் வந்தது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய வில்லிஸ். செல்ஃப் சில நேரம் சுற்றும், சில நேரம் முனகிவிட்டு நிற்கும். நான் டெஸ்ட் லேம்ப்பைச் செல்ஃப் மோட்டாரின் தலையில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. "கரண்டு வருதுங்ணா, செல்ஃப்தான் போச்சு" என்றேன். குரு சிரித்தார்.

"உங்கப்பா தறியில நாடா அந்தப் பக்கம் போனா மட்டும் துணி வந்துருமா?"

"இல்லீங்ணா, திரும்பி வரணும்."

"கரண்டும் அப்புடித்தாண்டா. போறதை மட்டும் பாத்துட்டு நிக்கறே. திரும்பி வருதான்னு எவன் பாக்கறது?"

பேட்டரியின் பிளஸ்ஸில் கிளம்பும் கரண்டு தடித்த கேபிள் வழியாகச் செல்ஃபுக்குள் போகிறது. வேலை முடிந்ததும் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் பாதையில் ஒயர் குறைவு, இரும்புதான் ஒயர். செல்ஃபின் உடம்பு, இன்ஜின் பிளாக், அங்கிருந்து ஒரு செம்புப் பட்டை, சேஸிஸ், பிறகு பேட்டரி. இன்ஜின் ரப்பர் பேடின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்டு போகாது. அதனால் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் அந்தப் பட்டை இல்லாமல் முடியாது. நாங்கள் அதை 'எர்த் பட்டை' என்போம். அன்றைக்கு வில்லிஸில் அந்தப் பட்டை துருவின்மேல் முடுக்கப்பட்டிருந்தது. குரு அரம் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்து முடுக்கினார். செல்ஃப் 'கிர்ர்' என்று சுற்றியது.

டெஸ்ட் லேம்ப் ஏன் என்னை ஏமாற்றியது என்பது பல வருஷம் கழித்து மீட்டர் வாங்கிய பிறகுதான் முழுசாகப் புரிந்தது. அந்தச் சின்னப் பல்பு எரிய அரை ஆம்பியர்கூட வேண்டாம். முப்பது இழை உள்ள கேபிளில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் பளிச்சென்று எரியும். டீசல் இன்ஜினைச் சுழற்றும் செல்ஃபுக்கோ 200 ஆம்பியர் வரைக்கும், அதற்கு மேலும் வேண்டியிருக்கும். ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும். 200 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். காணாமல் போனது 400 வாட் சூடாக அந்த இடத்தில் இறங்கும். அதனால்தான் குரு, செல்ஃப் அடித்து முடித்த கையோடு கேபிளை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்ப்பார். எங்கே சுடுகிறதோ அங்கே கோளாறு. மீட்டர் வாங்கக் காசில்லாத காலத்தில் உள்ளங்கைதான் மீட்டர்.

*

பழைய ஃபோர் வீல் வண்டிகளுக்கு மட்டும் இந்த எடுக்காத வியாதி ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். நான் பார்த்தவரை காரணம் நாலு.

முதலாவது, ஒட்டு வேலை. மகிந்திரா 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே கோக்கத் தொடங்கியபோது அது பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விலை ஏற ஏற, நம் ஊர்ப் பட்டறைகள் அதில் டீசல் இன்ஜினை இறக்கின. பெட்ரோல் இன்ஜினின் கம்ப்ரஷன் சுமார் 7-க்கு 1. பியூஜோ மாதிரி டீசலில் 20-க்கு மேல். சுழற்றுவதற்கு எத்தனை மடங்கு மூச்சு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இன்ஜினை மாற்றியவர்கள் பலர் பேட்டரி கேபிளை மாற்றவில்லை.

இரண்டாவது, வண்டி படுகிற பாடு. ஓடைத் தண்ணீரில் இறங்கும். செல்ஃப் இன்ஜினின் அடிவயிற்றில் இருக்கிறது, சேறு முதலில் அங்கேதான் போகும். பாறையில் ஏறும்போது இன்ஜின் ரப்பர் பேடின்மேல் இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொள்ளும். அதில் கட்டியிருக்கிற ஒவ்வொரு ஒயரும் இழுபடும்.

மூன்றாவது, சும்மா நிற்பது. தோட்டத்து ஜீப் மாதத்தில் நாலு நாள்தான் ஓடும். நிற்கிற வண்டியில் பேட்டரி தானாக இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. எங்கள் பக்கத்துக் கரும்புக்காட்டு எலிக்கு பானெட்டுக்குள் குடும்பம் நடத்த அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சாயப்பட்டறை ஓரம் நிறுத்திவைக்கும் வண்டிகளில் செம்பு சீக்கிரம் பச்சை பிடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நாலாவது, நம்மைப் போன்றவர்கள். முப்பது வருஷத்தில் இருபது எலக்ட்ரீசியன்கள் கை வைத்த வண்டி. ஹாரனுக்கு ஒருவர், ஃபாக் லைட்டுக்கு ஒருவர், டேப்புக்கு ஒருவர். ஒவ்வொருவரும் ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். டேப்பைப் பிரித்தால் அவரவர் காலம் தெரியும்.

*

இப்படிப்பட்ட வண்டி வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "சுத்தலையா, எடுக்கலையா?" இரண்டுக்கும் 'ஸ்டார்ட் ஆகல' என்றுதான் சொல்வார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் எடுக்கவில்லை என்றால் அது டீசல், காற்று, ஹீட்டர் பிளக் சம்பந்தப்பட்டது, வேறு கதை. சுற்றவே இல்லை என்றால் அடுத்த கேள்வி: "என்ன சத்தம்?"

'டகடகடக' என்று மரங்கொத்தி மாதிரி சத்தம் வந்தால், செல்ஃபின் காந்த சுவிட்சான சாலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கேட்கிற கரண்டைப் பேட்டரியால் தாங்க முடியவில்லை, வோல்ட் சரிகிறது, சாலினாய்டு விடுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது டெர்மினல் லூஸ். அபூர்வமாகச் சாலினாய்டுக்குள் பிடித்துவைக்கும் காயில் அறுந்திருக்கும்.

கனமாக ஒரே ஒரு 'டக்', பிறகு அமைதி என்றால், சாலினாய்டு வேலை செய்துவிட்டது. உள்ளே இருக்கிற செம்புக் காண்டாக்ட் கருகியிருக்கலாம். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சுத்தியலின் கட்டையால் செல்ஃபை லேசாகத் தட்டியதும் எடுத்தால் பிரஷ் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். தட்டுவது வைத்தியம் என்று நினைத்து, சீட்டுக்கடியில் சுத்தியல் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிய புண்ணியவானும் உண்டு. ஒரு நாள் பிரஷ் முழுக்கத் தேய்ந்து கம்யூட்டேட்டரைக் கீறிவிட்டது. பிரஷ் காசில் முடிய வேண்டியது ஆர்மேச்சர் விலையில் முடிந்தது.

செல்ஃப் தனியாகச் 'சர்ர்ர்' என்று சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், செல்ஃபை ஃபிளைவீலோடு கோக்கும் பெண்டிக்ஸ் வழுக்குகிறது, அல்லது ஃபிளைவீல் ரிங்கில் பல் போயிருக்கிறது. ஒவ்வொரு இன்ஜினும் அணையும்போது பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் நிற்கும். அந்த இடத்துப் பல்தான் தேயும். வண்டியைக் கியரில் போட்டு அரை அடி தள்ளினதும் எடுத்தால் பல் போனது என்று தெரிந்துகொள்ளலாம்.

சத்தமே இல்லை, அல்லது மெலிசாக ஒரு 'டிக்' என்றால், சாலினாய்டை இழுக்கும் கரண்டு பத்தவில்லை. அந்தச் சின்ன ஒயரின் பாதை பழைய ஜீப்பில் பெரிய ஊர்வலம்: பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு ஆம்பியர் மீட்டர், அங்கிருந்து சாவி செட், அங்கிருந்து திரும்பக் கீழே செல்ஃப். இழுக்கும் நேரத்தில் சாலினாய்டு முப்பது ஆம்பியருக்குமேல் கேட்கலாம். பழைய சாவி செட்டின் காண்டாக்ட்டுகள் அதை எத்தனை காலம் தாங்கும்?

அடுத்தது ஹெட்லைட். சாயங்காலம் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகச் சொல்வேன். வெளிச்சம் அடியோடு மங்கினால் கரண்டு நிறையப் போகிறது, பேட்டரி பத்தவில்லை அல்லது செல்ஃப் இறுகியிருக்கிறது. வெளிச்சம் அசையாமல் நின்றால் செல்ஃபுக்குக் கரண்டு போகவே இல்லை. பாதையில் எங்கோ அறுப்பு. பேட்டரி விற்பவருக்கு இந்தச் சோதனை பிடிக்காது; பத்து பைசா செலவில்லாமல் பேட்டரி நல்லது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

*

கொல்லிமலை ஜீப்புக்கு வருவோம்.

சூடு என்று நான் முடிவு கட்டியதற்கும் நியாயம் இருந்தது. செம்பு சூடானால் தடை கூடும். 30 டிகிரியில் இருக்கும் காயில் 90 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். செல்ஃப் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் இருக்கும் வண்டிகளில் இறக்கம், ஏற்றம், நெரிசல் எல்லாம் தாண்டி நிறுத்திய கையோடு சாவி போட்டால் சாலினாய்டு இழுக்காது. இது நான் எத்தனையோ வண்டியில் பார்த்து, ரிலே போட்டுச் சரிசெய்தது. சாவி செட் ரிலேயை மட்டும் தூண்டும். ரிலே பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரில் சாலினாய்டுக்குக் கொடுக்கும். ஊர்வலம் குறுக்குச்சந்தாகிவிடும்.

ஒன்பது நாளும் கோளாறு தலைகாட்டவில்லை. மீட்டர் எல்லாம் சரி என்றது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கவில்லை, ஓடும்போது சார்ஜிங் 14. பத்தாவது நாள் ரிலேயைப் போட்டேன். "இனி எடுக்கும்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் போன் வந்தது. "தம்பி, சோளக்காட்டுல நிக்கறேன்."

அன்றைக்கு எனக்குக் கோபம் வண்டிமேல் இல்லை. இல்லாத கோளாறுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். குரு இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். மறுநாள் மீட்டரை எடுத்துக்கொண்டு திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று பஸ் மாறி மாறிக் காரவள்ளி போய்ச் சேர்ந்தேன். பெரியவர் ஜீப்போடு அடிவாரத்தில் நின்றார். பக்கத்தில் உட்கார்ந்து 70 வளைவும் ஏறினேன். சோளக்காட்டில் அவர் எப்போதும் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தச் சொன்னேன். டீக்கடைக்குப் பக்கத்தில், மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தினார். டீ குடித்தோம். சாவியைத் திருகினார்.

டிக்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் ஒரு வண்டி எடுக்காததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

லைட்டைப் போடச் சொன்னேன். சாவியைத் திருகினாலும் வெளிச்சம் அசையவில்லை. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்தேன், சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் ஒரு சுத்தமான போல்ட்டில் அழுத்தினேன். "திருகுங்க" என்றேன். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியது அதிகம் போனால் 0.3 வோல்ட். மீட்டர் 5.4 காட்டியது. பேட்டரி கொடுத்ததில் பாதியளவு திரும்புகிற வழியில் தொலைகிறது. இன்ஜினை அணைக்க டேஷ்போர்டிலிருந்து இழுக்கும் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகச் சுட்டது. எர்த் பட்டையில் வழி இல்லாத கரண்டு, அந்த மெல்லிய கேபிளின் உறை வழியாகத் தட்டுத்தடுமாறி வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

வண்டிக்கடியில் படுத்தேன். பழைய எர்த் பட்டை எப்போதோ அறுந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதற்குப் பதிலாக ஒரு சாண் ஒயரை, நீளம் பத்தாமல், வெடைத்துக்கொண்டு நிற்கும்படி மாட்டியிருந்தார். போல்ட்டில் மாட்டும் லக் பக்கம் டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே இழைகள் அறுந்து, ஒன்றையொன்று சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. சமதளத்தில் நிற்கும்போது அவை தொட்டுக்கொள்ளும், செல்ஃப் சுற்றும். வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் இன்ஜின் ரப்பர் பேடின்மேல் பின்பக்கம் சாயும், ஒயர் இழுபடும், இழைகள் விலகும். என் பட்டறைத் தரை சிமெண்ட் போட்ட சமதளம். ஒன்பது நாள் இல்லை, ஒன்பது மாதம் நின்றிருந்தாலும் அது அங்கே எடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

"அய்யா, கால் மணி நேரம் கழிச்சு அதுவா எடுத்துக்கும்னீங்களே, அந்தக் கால் மணி நேரம் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, நாலு ஆளைக் கூப்புட்டுத் தள்ளு ஸ்டார்ட் பண்ணலாம்னு ரோட்டுல சமமா இருக்கற எடத்துக்குத் தள்ளிட்டுப் போவோம். தள்றதுக்கு முன்னால சும்மா ஒருக்கா சாவி போட்டுப் பாத்தா எடுத்துக்கும்."

அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். 'மேல ஏறி நின்னா' என்றதை நான் 'சூடானால்' என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது 'சாய்ந்து நின்றால்'. 'கால் மணி நேரம்' என்றதை 'ஆறினால்' என்று கேட்டுக்கொண்டேன். அவர் வண்டியை நகர்த்தியிருக்கிறார். ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் பஸ் ஏறியிருக்க வேண்டாம்.

பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்றைத் தொய்வு விட்டு மாட்டினேன். லக்கை நசுக்கி, ஈயமும் வைத்தேன். இன்ஜின் பக்கமும் சேஸிஸ் பக்கமும் பெயிண்ட், துரு எல்லாம் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். மீட்டரில் 5.4 இருந்த இடத்தில் 0.1. சோளக்காட்டுச் சரிவில் செல்ஃப் சுற்றிய சத்தத்துக்கு டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

*

தொழிலில் காலம் காலமாக ஒரு குறுக்குவழி உண்டு: சாவி வேலை செய்யாவிட்டால் வண்டிக்கடியில் புகுந்து சாலினாய்டின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்துவிடுவது. நானும் செய்தவன். இருபது வயதில் ஒரு ஜீப்பில் அப்படி வைத்தேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, கியரைப் பார்க்கவில்லை. வண்டி ஃபோர் வீல் லோ-வில், முதல் கியரில் இருந்தது. லோ கியரில் செல்ஃப் மோட்டாருக்கே வண்டியை நகர்த்தும் பலம் உண்டு. மலைப்பக்கத்து டிரைவர்கள் ஏற்றத்தில் அணைந்த ஜீப்பைச் செல்ஃபாலேயே முன்னால் ஊர்ந்து எடுக்க வைப்பார்கள். அந்த வித்தை அன்றைக்கு என்மேல் நடந்தது. இன்ஜின் எடுக்கவேயில்லை, ஜீப் ஆமை மாதிரி நகர்ந்து என்னைப் பேட்டரி மேசையோடு வைத்து அழுத்தியது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கத் தோன்றியதால் முழங்காலோடு போயிற்று. மெயின் கியர், ஃபோர் வீல் கியர் இரண்டும் நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்க்காமல், சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல், என் பட்டறையில் இன்றுவரை யாரும் வண்டிக்கடியில் போவதில்லை.

அதே மாதிரி, பேட்டரி சார்ஜில் இருக்கும்போது மேலே தீப்பொறி கூடாது; கிளம்பும் ஹைட்ரஜன் வெடிக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

பழைய வில்லிஸில் இந்த வம்பெல்லாம் குறைவு. காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்ச். சாலினாய்டு இல்லை, ரிலே இல்லை. மிதித்தால் தடித்த செம்பும் தடித்த செம்பும் நேராகத் தொடும். அதுவும் சதி செய்தால் பம்பர் ஓட்டையில் ஹேண்டிலை விட்டுச் சுழற்றலாம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கத் தெரியாதவனுக்கு மணிக்கட்டு போகும். 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காருக்குச் சார்லஸ் கெட்டரிங் எலெக்ட்ரிக் செல்ஃபைக் கொண்டுவந்தது இந்த ஹேண்டிலிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றத்தான். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை: ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், போக ஒரு வழி, வர ஒரு வழி.

கேபிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் பளபளவென்று சிவப்பாக, தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தடிமன் பிளாஸ்டிக்கில் இருக்கும். உள்ளே செம்பு கொஞ்சம். இன்னும் சிலதில் செம்பே இல்லை, முலாம் பூசிய அலுமினியம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோளக்காட்டிலிருந்து திரும்பிய வாரம், பட்டறையின் பின்பக்கம் கல்லும் மண்ணும் கொட்டி ஒரு சரிவு கட்டினேன். 'சில சமயம் எடுக்காது' என்று வரும் ஒவ்வொரு ஜீப்பையும் அதன்மேல் மூக்கு மேலே ஒரு தடவை, மூக்கு கீழே ஒரு தடவை நிறுத்தி, சாவியைத் திருகச் சொல்லி, மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மீட்டரை வைக்கிறேன். வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது, பேட்டரிக் கடைக்குப் போகும்முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாருங்கள்: எப்போது எடுக்கவில்லை, எங்கே நின்றிருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, என்ன சத்தம் வந்தது, மறுபடி எடுப்பதற்கு முன் என்ன செய்தீர்கள்.

அந்தக் கொல்லிமலை ஜீப்பில் நான் போட்ட ரிலே இன்னும் இருக்கிறது. எர்த் பட்டைக்கு மட்டும் காசு வாங்கினேன். ரிலேக்கு வாங்கிய காசைச் சோளக்காட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.